பாலுக்குக் காய்ச்சல்

எங்கள் வீட்டில் பால் என்றால் பொங்க வேண்டும். விளிம்புவரை எழும்பி வந்து, யாராவது "அடுப்பை அணை!" என்று கத்தினால்தான் அது காய்ந்த பால். மாமியார் போட்ட சட்டம். என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வந்த எஸ்பிரெஸோ காபி மெஷினுக்கு இந்தச் சட்டம் தெரியாது.

கூடவே ஒரு குட்டித் தராசு, ஒரு தெர்மாமீட்டர். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் டிகாக்‌ஷன், அதுவும் 25 முதல் 30 விநாடிக்குள் இறங்கணுமாம். "நகைக்கடை வைக்கப் போறியாடா?" என்றார் அத்தை. இவர் காதிலேயே வாங்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஜில்லென்ற பாலை எடுத்து எவர்சில்வர் ஜக்கில் ஊற்றி, மெஷினின் நீராவிக் குழாயின் முனை பாலின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் பிடித்தார். ச்ர்ர்ர்... முதல் சில விநாடி காற்று உள்ளே போகணும். அப்புறம் முனையைக் கொஞ்சம் இறக்கிப் பாலைச் சுழல விடணும். குமிழி கண்ணுக்கே தெரியாமல் நுரை பளபளவென்று நிற்கணும். அதைத் தாங்கிப் பிடிப்பது பாலில் உள்ள புரதம் என்று வகுப்பு வேறு எடுத்தார்.

தெர்மாமீட்டரை ஜக்கில் செருகியதும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, பாலுக்குக் காய்ச்சலா?"

65 டிகிரியில் நிறுத்திவிட்டார்.

"இது பச்சைப் பால்டா."

"அம்மா, பாக்கெட் பாலை 72 டிகிரியில சூடு பண்ணித்தாம்மா அனுப்புறாங்க."

"நீ பார்த்தியா?"

இந்தக் கேள்விக்கு எந்த விஞ்ஞானியும் பதில் சொல்ல முடியாது. 70 டிகிரியைத் தாண்டினால் பாலின் ருசி மாறிவிடும், நுரையும் நிற்காது என்று இவர் மன்றாடினார். "ருசி மாறினா ஒரு ஸ்பூன் சக்கரை போடு" என்று அத்தை பைசல் பண்ணிவிட்டார்.

டிகாக்‌ஷன் இருந்த கோப்பையில் பாலை மெதுவாக ஊற்றி, கையை ஆட்டி ஆட்டி மேலே ஒரு இதயம் வரைந்து நீட்டினார் இவர். அத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கத்தரிக்காய் நல்லா வந்திருக்கு" என்றார். ஒரே வாய்தான் குடித்தார். அடுத்த நிமிஷம் கப்புச்சினோ என்கிற அந்த நுரைக் காபி கிண்ணத்துக்கு மாறி, கத்தரிக்காய் அடுப்பில் ஏறியது. நன்றாகவே பொங்கியது.

அப்புறம் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பாலை முதலில் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுபடியும் 65 டிகிரிக்குச் சூடாக்குவது. நீராவிக் குழாயின் துளை பொடிசு, ஆடை அடைத்துக்கொள்ளும் என்பதால் இவருக்கும் சம்மதம். அந்த ஆடை நெய்க்குப் போவதால் அத்தைக்கும் சம்மதம். கேஸ் சிலிண்டரை யாரும் கேட்கவில்லை.

மெஷின் மீது அத்தைக்கு மரியாதை வந்தது பேரனின் ஹார்லிக்ஸால்தான். எவ்வளவு கலக்கினாலும் கட்டி தட்டுகிற அந்த மாவு, குழாயை விட்டதும் நொடியில் கரைந்து நுரையோடு எழும்பியது. அன்றிலிருந்து மெஷின் அவர் கைக்குப் போய்விட்டது. காலையில் பேரனுக்கு ஹார்லிக்ஸ், மாமாவுக்கு மஞ்சள் பால் என்று ச்ர்ர்ர் சத்தம்தான். முடிந்ததும் ஈரத்துணியால் குழாயைத் துடைத்து, ஒரு தடவை நீராவியை வெளியே விட்டுப் பார்க்கிற சுத்தம் இவருக்குக்கூட வராது. இவரோ தூளை நிறுத்து வைத்துக்கொண்டு, "அம்மா, முடிஞ்சுதா?" என்று வரிசையில் நிற்கிறார்.

நேற்று ராத்திரி அத்தை ஒரு கிண்ணத்தோடு வந்து, "இதுல ரசத்தைச் சூடு பண்ணினா என்னடா?" என்று கேட்டார். இவர் மெஷினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.