அப்புச்சியின் பிள்ளையார் சுழி: ஒன்பது பேனா, ஒரு டீக்கால் தாள்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

27ஆம் தேதி அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, எண்பது நிறைகிறது. பேரன் பேத்திகள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு பேனா கடைந்து தருகிறேன் என்று போன மாதமே வாயை விட்டுவிட்டேன். மரம் மஞ்சக்கடம்பு, வெளிர் மஞ்சள் நிறம், லேத்தில் மாட்டினால் வெண்ணெய் மாதிரி சீவும். வெறும் மரப் பேனாவாகக் கொடுக்க மனசு வரவில்லை. அம்மா வீட்டுப் பரணில் மளிகைக் கடைக் கணக்கு நோட்டு ஒன்று கிடந்தது, 1987ஆம் வருஷத்தது. பக்கத்துக்குப் பக்கம் உச்சியில் ஒரு 'உ', கீழே இரண்டு கோடு. பேனாவில் போட இதைவிட என்ன வேண்டும்?

600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பழுப்பை எல்லாம் நீக்கி, சுழியை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். கீழே பொடி எழுத்தில் 'அப்புச்சி 80'.

அக்டோபர் 8, செவ்வாய்

அச்சடித்த படத்தை மரத்தில் ஒட்டுவதற்கான டீக்கால் தாள் வந்துவிட்டது. தண்ணீரில் ஊறவைத்தால் மேலே இருக்கும் மெல்லிய படலம் மட்டும் கழன்று வருமே, அந்த வகை. இதில் இங்க்ஜெட்டுக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று என்று தனித்தனித் தாள் உண்டு. இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கரையும், அச்சடித்த பிறகு மேலே கிளியர் ஸ்பிரே அடித்தே ஆக வேண்டும். லேசருக்கு அந்தத் தொல்லை கிடையாது, அதனால் லேசர் தாள்தான் வாங்கினேன். படலம் கண்ணாடி மாதிரி இருப்பதால் வெளிர் மரத்தில் மட்டும்தான் எழுத்து எடுக்கும். ஈட்டி மரமாக இருந்திருந்தால் வெள்ளைப் படலத் தாள் தேடியிருக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண பிரிண்டரில் வெள்ளை நிறமே இல்லை.

ஜெராக்ஸ் கடை அண்ணன் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது உள்ள போயி உருகி ஒட்டிக்கிச்சுன்னா மெஷினுக்கு நீங்க பதில் சொல்லுவீங்ளா?" என்றார். கேள்வி நியாயம்தான், இங்க்ஜெட் தாளை லேசரில் விட்டால் உண்மையிலேயே அப்படி ஆகும். அட்டையில் 'லேசர்' என்று போட்டிருந்ததைக் காட்டின பிறகுதான் விட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனை 'உ'வும் திரும்பி நிற்கிறது. டீ ஷர்ட்டில் இஸ்திரி போட்டு ஒட்டுகிற தாள் மாதிரி நினைத்துக்கொண்டு கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைத்தது நான்தான். இது அடியிலிருந்து நழுவி அப்படியே உட்காருகிற சமாச்சாரம், திருப்பவே கூடாது. ஒரு தாள் போச்சு.

அக்டோபர் 9, புதன்

நேராக அடித்து வாங்கினேன். இப்போது வேறு வம்பு. 4 பாயின்ட் எழுத்தில் புள்ளிகளைக் காணோம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் 'அபபுசசி' என்று இருக்கிறது! ஆங்கில எழுத்தாக இருந்தால் இந்த அளவில் தப்பித்துவிடும், நமக்குப் புள்ளி போனால் பேரே போச்சு. 6 பாயின்டாக்கி, தடித்த எழுத்துக்கு மாற்றி, புள்ளிகளைக் கையாலேயே கொஞ்சம் பெரிதாக்கினேன். 9.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாவுக்குச் சுற்றளவு கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர். ஒரு பார்வையில் தெரிவது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிமீட்டருக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேத்துக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. இன்றைக்கு எதையும் தொடக்கூடாது என்று அம்மா உத்தரவு.

அக்டோபர் 13, ஞாயிறு

முதல் பேனா. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் வெதுவெதுப்பான தண்ணீர். வெட்டின துண்டைப் போட்டதும் சுருண்டுகொள்கிறது, அரை நிமிஷத்தில் தானாக விரிகிறது. விரலால் லேசாகத் தள்ளினால் படலம் நகரும், அதுதான் பதம். நனைத்த பிரஷ்ஷால் மரத்தின் மேல் நழுவவிட்டு, காது குடையும் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒதுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காய்ந்ததும் எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்த மாதிரி ஒரு மினுமினுப்பு. மரத்தின் நுண்துளைகளில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் மரத்தில் ஒட்டினது தப்பு. முதலில் சூப்பர் குளூ நாலு பூச்சு கொடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கி, அதன் மேல்தான் டீக்கால். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் இன்னொரு கூத்து. குளூ துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை எடுத்தேன், பட்டென்று சூடாகிப் புகை வந்துவிட்டது. பருத்தித் துணியும் இந்தப் பசையும் சேர்ந்தால் அப்படித்தான் கொதிக்கும், தெரிந்தே செய்தேன் பாருங்கள். விரல் நுனியில் கொப்புளம். இனி டிஷ்யூ மட்டும்தான்.

அக்டோபர் 16, புதன்

மழை. இந்தப் பசை இறுகுவதே காற்றிலிருக்கும் ஈரத்தால்தான். இன்றைக்குப் பூசப் பூச இறுகி, மேலே வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. கண் வேறு எரிச்சல். மூடி வைத்துவிட்டுப் பஜ்ஜி சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

எட்டு முடிந்தது. படலத்தின் ஓரம் நகத்தில் தட்டக்கூடாது, அதுதான் பரீட்சை. டீக்காலுக்கு மேல் எட்டுப் பூச்சாவது வேண்டும், முதல் பூச்சைத் தேய்க்காமல் ஒரே இழுப்பில் விட வேண்டும். ஒட்டினதும் பேனாவின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து வைத்துக்கொள்கிறேன்: 9.62 மில்லிமீட்டர். பூசி முடித்தால் 9.90 வருகிறது. பளபளப்பாக்கும் மைக்ரோமெஷ் தாள் போட ஆரம்பித்தால் 9.75க்குக் கீழே போகவே கூடாது. ஆறாவது பேனாவில் அளக்காமல் பளபளப்பு ஆசையில் தேய்த்துக்கொண்டே போனேன், 'உ'வின் வால் காணாமல் போய்விட்டது. திரும்பச் செய்யப் பொறுமை இல்லை, அதை எனக்கு வைத்துக்கொண்டேன். ஒன்பதாவது பேனா நாளைக்கு.

அக்டோபர் 27, ஞாயிறு

சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. அப்புச்சி ஒன்றை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுழி நல்லாருக்குது. ஆரு எழுதுனது?"

"நீங்கதானுங்க அப்புச்சி. கடை நோட்டுல இருந்து எடுத்தேன்."

"நான் என்னைக்குடா கணக்கு எழுதுனேன்? கல்லாவுல உக்காருவேன். எழுதறதெல்லாம் உங்க அம்மாயி."

சமையல்கட்டிலிருந்து அம்மாயியைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தவர், "கோடு ரெண்டும் இவ்வளவு நெருக்கிப் போட மாட்டனே" என்றார். உண்மைதான், இடம் பத்தாமல் நான்தான் நெருக்கி வைத்தேன். அப்புறம் பேனாவைத் திருப்பித் தராமல் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது சின்னக் குட்டியினுடையது, அவள் அழுகிறாள்.

மீதித் தாளில் இன்னும் நாலு சுழி இருக்கிறது. மரமும் ஒரு துண்டு இருக்கிறது. தீபாவளிக்குள் இன்னொன்று கடைந்தாக வேண்டும், இந்தத் தடவை கோட்டைத் தள்ளிப் போட்டு.