இரண்டு சர்வர், ஒரு டெஸ்க்டாப்: எதுவரை வந்திருக்கிறது

வீட்டில் இரண்டு கோப்பு சர்வர்கள் ஓடுகின்றன. ஒன்று, எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகப் பகிரும் சின்னச் சேமிப்புப் பெட்டி. இன்னொன்று, பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு நானே அமைத்தது, அது பகிர்வது என்எஃப்எஸ் என்ற வேறொரு நெறிமுறை வழியாக. இரண்டும் என் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் சாதாரண ஃபோல்டர் போலவே இருக்க வேண்டும், சர்வர் அணைந்து கிடந்தாலும் டெஸ்க்டாப் விழி பிதுங்கி நிற்கக் கூடாது. இவ்வளவுதான் இலக்கு. முதல் பாதி சுலபம், வேலையெல்லாம் இரண்டாவது பாதியில்தான்.

கோப்பு மேலாளரில் சர்வரின் முகவரியைத் தட்டிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ஃபோல்டர்கள் வந்துவிடும். படம் பார்க்க, ஒன்றிரண்டு கோப்புகளை இழுத்துப் போட இது போதும். ஆனால் என் டெஸ்க்டாப் சூழலான க்னோம் இதை ஜிவிஎஃப்எஸ் என்ற தன்னுடைய அடுக்கு வழியாகக் காட்டுகிறது. அந்த அடுக்கு தெரியாத, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் போன்ற டெர்மினல் கருவிகள் எங்கோ ஆழத்தில் இருக்கும் ஒரு நீளமான பாதையைத் தேடிப் போக வேண்டும். லாக் அவுட் செய்தால் அதுவும் போச்சு. இரவில் தானாக பேக்கப் ஓட வேண்டும் என்பதால் இது எனக்கு ஒத்துவரவில்லை. அப்புறம், எதை எந்த ஃபோல்டரில் இணைப்பது (மவுண்ட் செய்வது) என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்புதான் கதி.

எஸ்எம்பி பெட்டிக்கு ஒரு வரி எழுதினேன். எஃப்எஸ்டேப்பைக் கணினியில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், அதனால் கடவுச்சொல்லை முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் மட்டும் படிக்கக்கூடிய, 600 அனுமதி கொண்ட தனிக் கோப்பில் வைத்தேன். கூடவே என் பயனர் எண்ணையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும், நாம் எதையும் எழுத முடியாது.

மவுண்ட் செய்தால் பிழை 112, ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’, அதாவது சர்வர் இயங்கவில்லையாம். உயிரோடு இருக்கிறதா என்று பிங் கட்டளையால் கேட்டால் பெட்டி பதில் சொல்கிறது! இந்தப் பிழைச்செய்தியை நம்பிக் கேபிளை ஆட்டிக்கொண்டிருப்பது வீண். பெட்டி பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும் பேசும்படி அமைந்திருந்தது. லினக்ஸின் மையமான கெர்னலோ 4.13 பதிப்பு முதல் அந்தப் பதிப்பைத் தானாக முயல்வதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். எஃப்எஸ்டேப் வரியில் பதிப்பு 1.0 என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்ற யோசனை எங்கு தேடினாலும் கிடைக்கும். வேலையும் செய்யும். ஆனால் அது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது மாதிரி. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அதிகபட்ச நெறிமுறையை எஸ்எம்பி 3 ஆக்கியதும் மவுண்ட் ஆகிவிட்டது.

என்எஃப்எஸ் வேறு சுபாவம். வழக்கமான அமைப்பில் கடவுச்சொல்லே கேட்காது. டெஸ்க்டாப் சொல்லும் பயனர் எண்ணை சர்வர் அப்படியே நம்பும். டெஸ்க்டாப்பில் நான் 1000, சர்வரில் 1001. பெயர் ஒன்றாக இருந்தும் எழுத விடவில்லை. சர்வரில் எண்ணை மாற்றிப் பழைய கோப்புகளின் உரிமையையும் மாற்றினேன். ரூட்டாகப் போனாலும் பயனில்லை, சர்வர் ரூட்டை ‘நோபடி’ என்ற அதிகாரமில்லாத பயனராக ஆக்கிவிடுகிறது. அது பாதுகாப்புக்காக இருக்கும் இயல்பான அமைப்பு, அதை அணைக்கவில்லை. பேக்கப்பை என் பயனர் பெயரிலேயே ஓடவிட்டேன்.

சரி, சர்வர் அணைந்திருந்தால்? என்எஃப்எஸ் இயல்பாக ‘ஹார்ட்’ மவுண்ட். சர்வர் திரும்ப வரும்வரை நிரல் காத்துக்கொண்டே இருக்கும். ஃபோல்டரைப் பட்டியலிடச் சொன்னால்கூட டெர்மினல் உறைந்துவிடும். ‘சாஃப்ட்’ என்று மாற்றினால் கொஞ்ச நேரத்தில் பிழை சொல்லிக் கைவிடும். ஆனால் பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நின்றுபோகும் ஆபத்து உண்டு. எழுதப்போகிற இடத்துக்கு நான் சாஃப்ட் போட மாட்டேன். இதற்கு, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட்தான் சரியான வழி. ஃபோல்டரை யாராவது தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும், பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாகக் கழன்றுகொள்ளும். கூடவே ‘நோஃபெயில்’ சேர்த்தால் சர்வர் இல்லை என்பதற்காக பூட் நிற்காது. மவுண்ட் முயற்சிக்குப் பத்து விநாடி வரம்பும் வைத்திருக்கிறேன். இந்த ஃபோல்டர்களை ஹோமுக்குள் (பயனரின் சொந்த ஃபோல்டருக்குள்) வைக்காமல் வெளியே வைப்பது நல்லது. கோப்பு மேலாளர் ஹோமை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இவற்றையும் தொட்டு சர்வரைத் தேட ஆரம்பித்துவிடும்.

வேகம் விநாடிக்கு 11 மெகாபைட்டில் நின்றது. பிணைய இணைப்பின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் இணைப்பே 100 மெகாபிட்டில் இருக்கிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். கேபிளை மாற்றியதும் வேகம் 110 மெகாபைட்டைத் தொட்டது. கிகாபிட்டின் கணக்குப்படியான உச்சமே 125 என்பதால் இதற்கு மேல் ஆசைப்படவில்லை.

எதிர்பாராத வேலை வந்தது தமிழ்க் கோப்புப் பெயர்களால். பழைய மேக் வட்டிலிருந்து சர்வருக்கு வந்த ‘தொகுப்பு’ என்ற ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது. டெர்மினலில் அதே பெயரை அடித்தால் இல்லை என்கிறது. ‘ொ’ என்ற உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்து வைக்கும், என் விசைப்பலகை சேர்த்து அடிக்கும். சர்வரிலுள்ள கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ‘ோ’, ‘ௌ’ ஆகியவற்றுக்கும் இதே கதை. போதாததற்கு, எக்ஸ்ட்4-இல் பெயரின் உச்சவரம்பு 255 பைட். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணினால் 85-தான் தேறும். விண்டோஸ் வட்டிலிருந்த சில நீளமான கட்டுரைத் தலைப்புகள் இதனால் நகலாகவே மறுத்தன, சுருக்க வேண்டியதாயிற்று.

பிரிந்த பெயர்களை ஒன்றாக்க கான்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. முதலில் என்னென்ன மாறும் என்று காட்டிவிட்டு, உறுதியாகச் சொன்னால்தான் மாற்றும். இசை, ஆவண ஃபோல்டர்களுக்கு ஓட்டிவிட்டேன். புகைப்படங்களை இன்னும் தொடவில்லை. புகைப்பட மென்பொருளின் தரவுத்தளத்தில் பழைய பாதைகளே பதிவாகியிருக்கின்றன. கோப்பின் பெயர் மாறினால் அதில் போட்ட குறிச்சொற்கள் அநாதையாகிவிடும். தரவுத்தளத்தின் நகலில் பாதைகளை மாற்றிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.