திருக்கோவிலுக்கு அம்மாவோடு

ஜூலை 9

கச்சான் காற்று இன்றும் அடங்கவில்லை. முற்றத்து வேம்பு இலை முழுக்கத் திண்ணையில். பதினொரு மணிக்கே கதவைச் சாத்திவிட்டோம். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்காகத் தீர்த்தமாட, திருகோணமலையிலிருந்து திருக்கோவிலுக்குப் போகிறோம். மாமா ஹபரணை, பொலன்னறுவைப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொல்கிறார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவர் போற வழியால போவம்" என்றார். சரி, அப்பா போகிற கரையோர றோட்டுத்தான்.

ஜூலை 11

வானின் ஸ்பெயர் ரயரைக் கழற்றிப் பார்த்தேன். போன மாதம் கராஜில் எல்லாம் சரி என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். விரலால் அமர்த்தினால் உள்ளே போகிறது, துளி காற்று இல்லை. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். சேற்றை வழித்துப் பார்த்தால் 1214. அதாவது 2014ஆம் ஆண்டின் 12ஆவது கிழமையில் செய்த ரயர். பூ அழியாமல் புதிதுபோல இருக்கிறது, ஆனால் ஓரமெல்லாம் முடி முடியாக வெடிப்பு. இதை நம்பியா வெருகல் காட்டுக்குள் அம்மாவை வைத்துக்கொண்டு போக இருந்தேன்? கோபத்தில் கை நடுங்கியது. புது ரயர் வாங்கிவிட்டேன். காற்றையும் காலையில், ரயர் சூடாகுமுன் பார்க்க வேண்டும். ஓடிவந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

ஜூலை 13

அம்மா பெட்டியை இரண்டு தரம் அடுக்கினார். இரண்டு தரமும் அப்பாவின் அந்த வேட்டி மேலே.

ஜூலை 14

இன்சுலின். திறந்த குப்பி அதிகம் சூடேறாத அறையில் ஒரு மாதமளவுக்குத் தாங்கும். வெயிலில் நிறுத்திய வானுக்குள் தாங்காது. ஐஸோடு ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் அதைக் குத்தக் கூடாது. பெரிய தயிர்ச் சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி, அதற்குள் குப்பி, மேலே நனைத்த துணி. வாசலில் வைத்து மத்தியானம் தொட்டுப் பார்த்தேன், நல்ல குளிர்ச்சி. இலையெல்லாம் கருக்குகிற இதே கச்சான் அந்தச் சட்டியைக் குளிர வைக்கிறது. மூன்று தரம் போய்த் தொட்டேன்.

ஜூலை 16

மூதூர் வரை ஓடிப் பார்த்தோம். சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியாப் பாலம். 396 மீற்றர் நீளம். பக்கக் காற்று வானைத் தள்ளுகிறது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் அந்த இடத்தில் பாதை என்கிற மிதவைதான். வாகனமும் ஆட்களும் ஒன்றாய் ஏறிக் களப்பைக் கடந்த காலம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அவர் ஓரத்திலதான் நிற்பார், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார்." குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் பாதை கவிழ்ந்து உயிர்போன பிள்ளைகளை நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது பார்த்தேன், அம்மாவின் உதடு வெடித்திருக்கிறது. தண்ணீர்ப் போத்தலின் மூடி திறக்கவே இல்லை.

"ஏனம்மா குடிக்கேல்ல?"

"வழியில எங்க மகள் போறது?"

முதல்நாள் பின்னேரத்திலிருந்தே குடிக்கவில்லையாம். சீனி வருத்தம், இந்த வெயில், எழுபது வயது. எத்தனை பயணம் இப்படிக் குடிக்காமல் வந்திருப்பார்? நான் ரயரைப் பார்த்தேன், எண்ணெயைப் பார்த்தேன், இதை ஒருநாளும் கேட்கவில்லை. இரவு ஒரு தாளில் எழுதினேன்: மூதூரில் தெரிந்தவர் வீடு, வெருகல் கோயில், வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு. மணிக்கு ஒரு தரமாவது நிறுத்தம். வாளி, சவர்க்காரம், டோர்ச். தாளை அம்மாவின் கையிலேயே கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜூலை 18

போத்தல் நிறைந்தபடியே மேசையில்.

ஜூலை 20

சின்னம்மா அக்கரைப்பற்றிலிருந்து போன் எடுத்தார். அமாவாசைக்குச் சனம் நிறைய வருமாம், தீர்த்தத்துக்கு விடியவே போகச் சொன்னார். எனக்குக் கடல்தான் பயம். இங்கே உப்புவெளியில் இந்த மாதம் குளம்போலக் கிடக்கிறது. அதை வைத்துத் திருக்கோவில் கடலை எடைபோட முடியாது. தெற்கிலிருந்து வரும் அலைதான் பொத்துவில் பக்கத்தில் இந்த மாதங்களில் எழும்புகிறது, அலைச்சறுக்கு ஆட்கள் அறுகம்குடாவுக்கு வருவதே அதற்குத்தான். அமாவாசைக்கு வற்றுப்பெருக்கும் கூடும். அம்மாவை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடமாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டே நிற்பேன், கோபித்தாலும் சரி.

ஜூலை 22

பெற்றோல் நிரப்பியாயிற்று. மூதூர் தாண்டினால் வாழைச்சேனை வரை எதையும் நம்பி ஓட மாட்டேன். அம்புலன்ஸ் 1990, அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்தேன். மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர், பத்து மணிக்குள் சேர வேண்டும், அதற்குப் பிறகு கச்சான் தொடங்கிவிடும். இருட்டில் மெதுவாகப் போக வேண்டும். தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடுறோட்டில் படுத்திருக்கும், உழவு இயந்திரத்தில் பின்லைட்டும் இருக்காது.

அம்மா தூங்கவில்லை. வேட்டியை மறுபடி எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 23

4.30. காற்று அளந்தாயிற்று. சட்டி ஈரம்.

வெருகல், 6.50. கோயில் கிணற்றடியில் முகம் கழுவினோம். அம்மா அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, அரைப் போத்தல் குடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதிரவெளிக்கு முன்னால் றோட்டில் யானை லத்தி, ஆவி பறக்கிறது. ஹோர்ன் அடிக்கவில்லை, எஞ்சினும் ஓடியபடியே. பின்னால் வந்த லொறியும் நின்றுவிட்டது. அம்மா போத்தலைக் கேட்கிறார்.