அடைப்பா, தளர்ச்சியா: குடியாத்தத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4
சளிக்கென்று மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் விழுங்கியதன் பலனாக, நேற்றிரவு சிறுநீர் அடியோடு நின்று, அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. விடிவதற்குள் மகன் வேலூருக்கு அழைத்துச் சென்றான். சிறுநீர்ப்பைக்குள் டியூப் போட்டதும் 900 மி.லி. வடிந்தது. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து சிறுநீர்ப்பையின் கழுத்தில் உள்ள தசையை இறுக்கும் என்பதை அறுபத்தேழு வயதில்தான் தெரிந்துகொண்டேன். ஈராண்டாகத் தாரை மெலிந்ததையும், இரவில் நான்கு முறை எழுந்ததையும் வயதின் கணக்கில் எழுதியது என் தவறு.

மார்ச் 8
பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை 0.4 மி.கி., இரவு உணவுக்குப் பின். டியூபை எடுத்தார்கள், சிறுநீர் வந்தது. சட்டென எழுந்தால் தலை சுற்றுகிறது. கண்புரை அறுவைக்குச் செல்லுமுன் இம்மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டுமாம். கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம் (ஐரிஸ்) அறுவையின்போது தளர்ந்து தொல்லை தருமாம்.

மார்ச் 22
சிறுநீரின் வேகத்தை அளக்கும், புனல் பொருத்திய கருவியில் 210 மி.லி. கழித்தேன், உச்ச வேகம் நொடிக்கு 8 மி.லி., கழித்தபின் தங்கியது 160 மி.லி. ஸ்கேனில், சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் பாதையைச் சூழ்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெருத்து 48 கிராம். உடனே அறுவை என்றுதான் நினைத்தேன். ஆனால் வேகம் குறைவதற்குப் பாதை அடைபட்டிருப்பதும் காரணமாகலாம், பதினெட்டு ஆண்டுச் சர்க்கரை நோயால் பையின் தசை தளர்ந்திருப்பதும் காரணமாகலாம், இரண்டையும் இந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது, தளர்ந்த பைக்கு வழியை அகலப்படுத்தினாலும் பெரிய பயன் இராது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

ஏப்ரல் 3
அடைப்பா, தளர்ச்சியா என்று பிரித்தறிய அழுத்தச் சோதனை. சிறுநீர்ப்பையில் ஒன்று, மலக்குடலில் ஒன்றாக மெல்லிய குழாய்களைச் செருகி, பையை நீரால் நிரப்பி, பலர் முன்னிலையில் கழிக்கச் சொன்னார்கள். கூச்சம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு முடிவு பிடித்திருந்தது: உச்ச வேகத்தின்போது பைத் தசையின் அழுத்தம் நீர்த்தம்ப அளவில் 84 செ.மீ., வேகம் 7. அழுத்தத்திலிருந்து வேகத்தின் இருமடங்கைக் கழித்தால் 70. நாற்பதைத் தாண்டினால் அடைப்பு. பை வலுவாகத்தான் தள்ளுகிறது.

ஏப்ரல் 10
அறுவைதான் என்று முடிவாயிற்று. வெளியே கீறாமல், சிறுநீர்ப்பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியின் உட்பகுதியைச் சுரண்டி எடுப்பார்கள். அதன்பின் விந்து பெரும்பாலும் பின்னோக்கிப் பைக்குள் சென்றுவிடும் என்பதை மருத்துவர் என் மனைவியை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தாள். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரையும் உண்டு, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இன்னொரு முறை டியூபுக்கு நான் தயாராக இல்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் தேதி தருவார்கள்.