18 கிராம்

ஜனவரி 11, சனி

ஒடிஸி ஆஃப் தி மைண்ட் போட்டிக்காக என் அணிப் பிள்ளைகள் செய்த கோபுரம் 140 பவுண்டில் நொறுங்கியது. கால்கள் நடுவில் வளைந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகள் பார்க்கவில்லை, அவர்கள் கண் முழுக்க மேலே ஏறுகிற எடைத் தட்டுகளில் இருந்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தடிமனுள்ள பால்சா என்ற லேசான மரக் குச்சியும் பசையும் மட்டும்தான், மொத்தம் 18 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த மாதிரிக் கோபுரங்கள் உலக இறுதிப் போட்டியில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் தாங்கியிருக்கின்றன. "எப்படி ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். சிவில் படித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தூணில் பிடிப்பில்லாத நீளத்தைப் பாதியாக்கினால் வளையாமல் தாங்கும் சுமை நான்கு மடங்காகும். ஆனால் பயிற்சியாளர் யோசனை சொல்லக் கூடாது, பசை தடவக் கூடாது, குச்சி எங்கே நிற்க வேண்டும் என்று விரலைக்கூட நீட்டக் கூடாது. கேள்வி கேட்கலாம். "முதலில் எங்கே உடைந்தது, யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டேன். ஏழு பேரும் ஏழு இடம் சொன்னார்கள்.

ஜனவரி 14

பொங்கல். அடுப்பில் பால் ஏறும்போது அணியில் இருக்கிற ஒரு பையனின் அம்மாவிடமிருந்து போன். "அக்கா, அவருக்கு வேலை போயிடுச்சு." வெள்ளிக்கிழமையே போயிருக்கிறது. நான்கு நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 15

வேலை விசாவில் வந்தவர்கள், வேலை போனால் அமெரிக்காவில் இன்னும் 60 நாள்தான் இருக்கலாம், அதற்குள் புது வேலை கிடைக்க வேண்டும். ஜனவரி 10இலிருந்து 60 நாள் என்றால் மார்ச் 11. போட்டி மார்ச் 15.

ஜனவரி 18, சனி

இன்று திடீர்ச் சவாலுக்குப் பயிற்சி. போட்டியன்று பிள்ளைகள் மட்டும்தான் அந்த அறைக்குள் போவார்கள். என்ன கேள்வி வரும் என்று யாருக்கும் தெரியாது, வெளியே வந்தும் யாரிடமும் சொல்லக் கூடாது. மொத்த மதிப்பெண்ணில் 100 இதற்கு. நெடுநாள் தயாரித்த கோபுரத்துக்கும் அதோடு சேர்த்து நடிக்கிற நாடகத்துக்கும் 200, அலங்காரத்துக்கு 50. அதனால் இந்தச் சில நிமிடங்களை விட்டுவிட முடியாது. வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். தாண்டிப் போக முடியாது. ஒருவர் வாயடைத்து நின்றால் அணி முழுக்க நின்றுவிடும், நேரம் மட்டும் ஓடும்.

அவள் மகனின் முறை வந்தால் எப்போதும் நிற்கும். கோபுரத்தைத் தூக்கிப் பார்த்தே எந்தக் கால் குட்டை என்று சொல்லிவிடுகிற பையன், பேச வேண்டும் என்றால் தரையைப் பார்ப்பான். மற்றவர்கள் அவனை அவசரப்படுத்துவதில்லை. இந்த அணியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

"மூடக்கூடியவை சொல்லுங்கள்" என்றேன். கதவு, கண், புத்தகம், கடை, முதலையின் வாய். அவன் முறை. நின்றது. அப்புறம் மெதுவாக, "பேங்க் அக்கவுன்ட்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள், யாருக்கும் தோன்றாத பதில் என்று. நான் அடுத்த கேள்விச் சீட்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஜனவரி 22

முதல் சுற்று நேர்காணல் முடிந்ததாம். அடுத்தது எப்போது என்று சொல்லவில்லை.

ஜனவரி 25, சனி

எழுதாமல் தூக்கம் வராது.

புதுக் கோபுரத்தைப் போன வாரம் ஒரு பெண் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள், பசை காய. இன்று கொண்டுவந்தாள். மூலைகளெல்லாம் கச்சிதம், கால்கள் நூல் பிடித்த மாதிரி நேர். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அவளுக்கும் தெரியும், முகமே சரியில்லை. "அப்பா கொஞ்சம் சரி பண்ணினார்" என்றாள்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இரவு பதினோரு மணிக்கு மகள் கோணலாக ஒட்டியதைப் பார்த்திருப்பார், கை சும்மா இருக்கவில்லை. நம் ஊரில் அறிவியல் கண்காட்சி எரிமலையைச் செய்தது யார்? எல்லா அப்பாக்களும்தான். ஆனால் இங்கே வெளியாள் உதவி இல்லை என்று பிள்ளைகளும் நானும் கையெழுத்திட வேண்டும். பொய்யில் கையெழுத்திடப் பத்து வயதில் கற்றுக்கொடுக்கவா சனிக்கிழமைதோறும் கூடுகிறோம்?

விதியை வாசித்துக் காட்டினேன். வேறெதுவும் சொல்லவில்லை. என்ன செய்வது என்று அவர்களே பேசட்டும் என்று மாடிக்குப் போய்விட்டேன். இந்தப் போட்டி ஏன் இப்படி இருக்கிறது என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். இதே நியூ ஜெர்சியில், கிளாஸ்பரோ கல்லூரியில் தொழில்துறை வடிவமைப்பு நடத்திய சாம் மிக்லஸ், மாணவர்கள் செய்தது வேலை செய்ததா என்பதைவிட, எவ்வளவு துணிந்து புதிதாக யோசித்தார்கள் என்பதற்கு மதிப்பெண் போட்டார். அதிலிருந்துதான் 1978இல் 28 பள்ளிகளோடு ஒடிஸி ஆஃப் தி மைண்ட் தொடங்கியது. படைப்பாற்றலுக்கென்று தனியாக இருக்கிற ரனாட்ரா ஃபஸ்கா விருதுக்குப் பெயர் ஒரு நீர்ப்பூச்சியிடமிருந்து வந்தது. எத்தனையாவது இடம் வந்தாலும் ஓர் அணிக்கு அது கிடைக்கலாம். அவனுக்கு அந்த விருதின் மேல்தான் கண்.

இறங்கி வந்தபோது எடைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபுரத்தைப் போட்டிக்குக் கொண்டுபோகப் போவதில்லை, ஆனால் எப்படி உடைகிறது என்று பார்க்கப் போகிறோம் என்றார்கள். உடைத்தார்கள். 210 பவுண்டு. அவன் தரையில் படுத்துக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். "நடுவுல வளையுது" என்றான். யாரும் கேட்காமல் அவனாகப் பேசியது.

அந்த அப்பா இரவு போன் செய்தார். கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது மகள் என்ன சொன்னாள் என்று இரண்டு முறை கேட்டார்.

பிப்ரவரி 1, சனி

குறுக்குச் சட்டம் வந்துவிட்டது! கால்களின் நடுவில், நான்கு பக்கமும், அவர்களே போட்டார்கள். 295 பவுண்டு. ஆனால் எடை 19.1 கிராம். பழையபடி எதையோ குறைக்க வேண்டும். ஒவ்வொரு குச்சியாகத் தராசில் வைத்துக் கனமானது, லேசானது என்று பிரிக்கிறார்கள். ஒரே நீளக் குச்சிகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு கனம். பால்சா அப்படித்தான்.

பிப்ரவரி 5

இரண்டாம் சுற்று நேர்காணல். நன்றாகப் போனதாம். புதுக் கம்பெனி மார்ச் 11ஆம் தேதிக்குள் விசா மனு போட்டுவிட்டால் போதும். போதும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று மழை. 17.9 இருந்தது 18.2 ஆகிவிட்டது. ஒரு குச்சியும் சேர்க்கவில்லை, காற்றில் இருக்கிற ஈரத்தை மரம் குடித்திருக்கிறது. கடைசியில் சேர்ந்த குட்டிப் பையன், "எங்க வீட்டு உப்பு டப்பாவுல அரிசி போட்டு வெச்சிருப்பாங்க" என்றான். டப்பாவின் அடியில் அரிசி, மேலே கோபுரம். நானாக இருந்தால் சிலிக்கா பாக்கெட் தேடிக் கடைக்குப் போயிருப்பேன்.

பிப்ரவரி 13

பதில் இல்லை.

பிப்ரவரி 19

அந்தக் கம்பெனியில் இப்போதைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். அவள் அழவில்லை. குரல்தான் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. குக்கர் விசில் வந்தது, அணைத்துவிட்டு வந்து தொடர்ந்தாள்.

பிப்ரவரி 22, சனி

விசிட்டர் அந்தஸ்துக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இருக்கலாம், வேலை பார்க்க முடியாது. வாடகை? இவர், "நம்ம பேஸ்மென்ட்ல இருக்கட்டுமே" என்றார். கேட்டேன். "வேண்டாம்க்கா, இவருக்குத் தாங்காது" என்றாள்.

பயிற்சியில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நாடகம் 8 நிமிடத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 27

10ஆம் தேதிக்கு டிக்கெட். நெவார்க், தில்லி, சென்னை.

மார்ச் 1, சனி

அவனே சொன்னான். எழுந்து நின்று, பயிற்சி செய்ததுபோலத் தெளிவாகச் சொன்னான். யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்தான், அப்பா கோபுரத்தைத் திருத்தின அதே பெண், "அப்போ உன் பெயரை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள்.

மாட்டார்கள். கோபுரத்திலோ நாடகத்திலோ கை வைத்தவர் பெயர் பட்டியலில் இருந்தே தீர வேண்டும், ஊர் மாறிப் போனாலும். ஏழு பேர் எழுதியாயிற்று என்றால் அவருக்குப் பதிலாக இன்னொருவரைச் சேர்க்கவும் முடியாது. எத்தனையோ முறை வாசித்த விதி, போன வருடம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இன்று சத்தமாக வாசித்தேன். "அப்போ நான் டீம்லதான் இருக்கேன்" என்றான். ஆமாம் என்றேன். குரல் சரியாக வரவில்லை.

330 பவுண்டு. 17.8 கிராம்.

மார்ச் 9, ஞாயிறு

நாளை கிளம்புகிறார்கள். அவன் தன் குச்சிகளைக் கொடுத்துவிட்டுப் போனான், எடை எழுதி ஒட்டிய உறைகளில். எண்களெல்லாம் பென்சிலில், ஒரு புள்ளிகூட விடாமல். அவள் கறிவேப்பிலைத் தொட்டியைக் கொடுத்தாள். வெயில் வரும் வரை வெளியே வைக்காதீங்க அக்கா என்று பலமுறை சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 12

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "எடை என்ன?" என்று ஒரு செய்தி. அங்கே அப்போது விடிகாலை மூன்று மணி.

மார்ச் 14, வெள்ளி

நாளைக்கு மழை இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அரிசியை மாற்றினார்கள். 17.8, அப்புறம் 17.9, மறுபடி 17.8. கையெழுத்துப் படிவம் முடிந்தது. பெயர்ப் பட்டியலில் ஏழு.

ஒரே ஒரு பிரச்சினை. எடைத் தட்டைக் கோபுரத்தின் மேல் ஆடாமல் இறக்குவது அவன் வேலை. அவனைப்போல மெதுவாக இறக்க யாருக்கும் வராது. குட்டிப் பையன் தான் செய்கிறேன் என்கிறான், ஆனால் முதல் தட்டு பாதி உயரத்தில் வரும்போதே கை நடுங்குகிறது. அந்தப் பெண், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம் என்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் அவனையும் கூப்பிட்டு ஆறு பேரும் வாதாடினார்கள். அங்கே காலை ஆறரை. நான் சமையலறையில் இருந்தேன். கூப்பிடும் வரை போகவில்லை. கூப்பிடவும் இல்லை.

முடிவானது: இரண்டு பேர், மூச்சை எண்ணி.

6.15க்கு வண்டி எடுக்க வேண்டும். தராசுக்கு புது பேட்டரி போட்டாயிற்று.