சம்பலுக்குப் பன்றி இறைச்சி

எங்கள் நாயின் பெயர் சம்பல். 2021இல் கொழும்பு மரைன் டிரைவில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த குட்டியைத் தூக்கிவந்த அன்று, நிறத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர். செத்தல் மிளகாய் கொஞ்சம் கூடிப்போன தேங்காய்ச் சம்பலின் நிறம். இப்படிப் பெயர் வைத்த நாய்க்கு எந்தச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் வயிற்றோட்டம். விடிய மூன்று மணிக்கு வாசல் கதவை நகத்தால் பிறாண்டும். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யும் நாட்களை எண்ணிவிடலாம். ஒரு கையில் பை, மறு கையில் சங்கிலி என்று படியிறங்கி ஓடுவேன். பாதி நாள் இரண்டாம் மாடி வரைதான் தாங்கும். அப்புறம் வாளியும் துடைப்பமுமாக நான் படி கழுவ, குற்றவாளி மாதிரி ஒரு மூலையில் நின்று பார்க்கும்.

வயிறு மட்டும் என்றால் பரவாயில்லை. காதுக்குள் புளித்த பாண் மாவு மாதிரி ஒரு வாடை. காதுக்கு மருந்து விட்டால் போகும், ஒரு மாதத்தில் திரும்பி வரும். முன்னங்கால்கள் இரண்டும் வெள்ளை. நக்கி நக்கி அந்த வெள்ளை மயிர் தேயிலைச் சாயம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இரவில் விளக்கை அணைத்தால் கட்டிலுக்குக் கீழே சளக் சளக் என்று அந்தச் சத்தம்தான்.

நாய்க்குச் சுகமில்லை என்றால் கொழும்பில் எல்லாரும் வைத்தியர்தான். அம்மா ஓமத் தண்ணீர் என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா ஃபோனில் மாதுளம் தோல் அவிக்கச் சொன்னார். கீழ்வீட்டுச் சிங்கள அன்ரி ஒரு பை நிறைய பெலிமல் கொண்டுவந்து தந்தார், நாங்கள் வில்வம்பூ என்கிறோமே, அதுதான். சம்பல் அதை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. மிச்சத்தை நான்தான் குடித்தேன். நன்றாக இருந்தது.

என் பங்குக்கு நானும் இணையத்தில் தேடி, வழுவழுப்பான ஏதோ ஓர் அமெரிக்க எல்ம் மரப்பட்டையைப் பற்றி வாசித்துவிட்டுப் புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போனேன். ஆயுர்வேதச் சரக்கு எதுவென்றாலும் அந்தச் சந்தில் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. கடைக்குள் இருந்த ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஆருக்குத் தம்பி?" நாய்க்கு என்றேன். "நாய் தன்ர வைத்தியத்துக்குத் தானே புல்லுத் தின்னும். நீங்கள் ஏன் காசைக் கரைக்கிறியள்?" அவரிடம் நூறு கிராம் கொத்தமல்லி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆனால் வீட்டு வைத்தியம் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. வயிறு குழம்பிய நாளில் உப்பில்லாத குழைசோறு இன்றைக்கும் எங்களுக்குக் கை கொடுக்கிறது. அதைவிட நல்லது பூசணி. சந்தையில் வெட்டி விற்கும் மஞ்சள் பூசணித் துண்டை வாங்கி, தோலும் விதையும் எடுத்து, வெறும் தண்ணீரில் அவித்துக் கரண்டியால் மசித்தால் போதும். 14 கிலோ சம்பலுக்குச் சாப்பாட்டோடு இரண்டு மேசைக்கரண்டி. அதிலுள்ள கரையும் நார் குடலில் தண்ணீரை இழுத்துக் கூழாகிவிடுவதால் மலம் இறுகுகிறது. வெறும் தண்ணீர் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருநாள் அம்மா, பாவம் ருசியில்லாமல் எப்படித் தின்னும் என்று ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டார். அன்றிரவும் படிக்கட்டுத்தான். கொழுப்பு இந்த வயிறுகளுக்கு எதிரி. தேங்காய் எண்ணெய் நாய்க்கு அமிர்தம் என்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கேட்கமாட்டார்கள்.

எருமைத் தயிர் கொஞ்சம் சிக்கலானது. பாலைவிடத் தயிரில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை குறைவு, உண்மை. ஆனால் நாய்க்கு ஒவ்வாமை பால் புரதத்தோடு என்றால் அந்தப் புரதம் சட்டித் தயிரிலும் அப்படியேதான் இருக்கிறது. வேப்பிலை அவித்து ஆறவைத்த தண்ணீரால் கால் கழுவினோம். கசப்புக்காக ஒரு மணி நேரம் நக்காமல் இருந்தது, அவ்வளவுதான். நடந்து வந்தவுடன் கடற்கரை மணலையும் உப்பையும் வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்ததிலும் அதே பலன் கிடைத்தது.

உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு விஷயத்தில் மட்டும் நான் சண்டைக்கே போவேன். உண்ணிக்கு நல்லது, பூச்சிக்கு நல்லது என்று நாய்க்கு உள்ளி கொடுக்கிறார்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயம் என்றால் கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும். அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. நம் வீடுகளில் வெங்காயம் போடாத குழம்பு ஏது? மிஞ்சிய சோற்றில் குழம்பு விட்டுப் பிசைந்து வைப்பதை இது தெரிந்த நாள் முதல் நிறுத்தினோம்.

கடைசியில் மிருக வைத்தியரிடம் போனோம். பேராதனையில் படித்த இளம் டொக்டர், பொறுமைசாலி. முதலில் மலத்தைப் பரிசோதித்தார், பூச்சி இல்லை. உண்ணி, தெள்ளு எல்லாம் பார்த்தார். சொறிகிற நாய்கள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சாப்பாடு அல்ல என்பதால் இதையெல்லாம் முதலில் கழிக்க வேண்டுமாம். ஆனால் வருடம் முழுக்கச் சொறி, காது, பாதம், கூடவே வயிறு என்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம் என்றார். இரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்டேன். சாப்பாட்டு ஒவ்வாமைக்கு இரத்தத்தையும் எச்சிலையும் சோதித்து வரும் முடிவை நம்ப முடியாது, சாப்பாட்டை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இந்த நாய் இதுவரை தின்ற எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்.

சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். கோழிக் கழுத்து. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது பையில் வரும் நாய்ச்சாப்பாடு எங்களுக்கு எட்டாமல் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் சந்தைக் கோழிக் கழுத்துத்தான். பிறகு மாரி பிஸ்கட், பாண் கரை, முட்டை, பால்தேநீரின் அடி, கீரி மீன் தலை, ஒரு தீபாவளிக்கு ஆட்டிறைச்சி. ஒன்றரைப் பக்கம் வந்தது. புதிதாகத் தின்றதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். நாய்களுக்கு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தின்று பழகிய புரதத்தோடுதான் பெரும்பாலும் ஒவ்வாமை வருகிறது. 297 ஒவ்வாமை நாய்களின் பதிவுகளைச் சேர்த்து 2016இல் வந்த ஆய்வொன்றில் மாட்டிறைச்சி 34, பால் 17, கோழி 15, கோதுமை 13 சதவீத நாய்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே சம்பல் வாழ்நாளில் தொட்டிராத ஓர் இறைச்சி, தொட்டிராத ஒரு கிழங்கு, எட்டுக் கிழமைக்கு அது மட்டும். கொப்பியைப் பார்த்து டொக்டர் சொன்னது: பன்றி இறைச்சியும் வற்றாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும்.

எங்கள் வீட்டுக் குசினிக்குள் அதுவரை பன்றி நுழைந்ததில்லை. அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் பால்கனியைக் காட்டி, "உதில வைச்சுச் செய். என்ர சட்டி, கரண்டி ஒண்டும் தொடாதே" என்றார். ஒரு மின்னடுப்பும் அலுமினியச் சட்டியும் பால்கனிக்குப் போயின. கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே சிவப்பு இல்லாமல் அவித்து, கிழங்கோடு பிசைந்து, நாள் வாரியாகப் பெட்டியில் போட்டு வைப்பேன். கந்தசஷ்டி ஆறு நாளும் பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. நான் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

மூன்றாம் கிழமை காதுச் சிவப்பு குறைந்தது. நான்காம் கிழமை திரும்பவும் சொறி. எனக்கு அழுகை வராத குறை. சந்தேகப்பட்டுப் பால்கனியில் நின்று பார்த்தேன். பின்னேரம் பாணும் பணிஸும் விற்கிற சூன் பாண் வண்டி பாட்டோடு லேனுக்குள் வர, அம்மா சம்பலைக் கூட்டிக்கொண்டு கீழே நின்றார். முதலை வடிவக் கிம்புலா பணிஸின் வால் அம்மாவின் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து நாயின் வாய்க்குப் போனது. "சின்னத் துண்டுதானே பிள்ளை." போதாததற்கு உண்ணிக்கு மாதாமாதம் கொடுக்கும் மாத்திரைக்கும் இறைச்சி ருசி சேர்த்திருந்தது. அதை டொக்டர் கழுத்தில் விடும் மருந்தாக மாற்றித் தந்தார். முதலாம் நாளிலிருந்து திரும்பத் தொடங்கினோம்.

இரண்டாம் சுற்றில் ஆறாம் கிழமை ஒரு விடியற்காலை நான் தானாக விழித்தேன். ஐந்தே முக்கால். கதவைப் பிறாண்டும் சத்தமில்லை. நக்கும் சத்தமும் இல்லை. நாய்க்கு ஏதோ ஆகிவிட்டதாக்கும் என்று பயந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நாலு காலையும் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாது. கோழி கொடுத்த மூன்றாம் நாளே காது சிவந்தது, இரவு படிக்கட்டும் இறங்கினோம். நிறுத்தி ஆறவிட்டுப் பாண் கொடுத்தோம். இரண்டு கிழமை பார்த்தும் ஒன்றும் இல்லை. முட்டையும் சரி. பாலை இன்னும் சோதிக்கவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. வெறும் இறைச்சியும் கிழங்குமாக நீண்ட நாள் ஓட்டினால் கல்சியம் காணாது என்பதால் டொக்டர் அளவு சொல்லித் தந்த தூள் ஒன்றையும் இப்போது கலக்கிறேன். இரத்தமாகப் போனாலோ, தொடர்ந்து சத்தி எடுத்தாலோ பூசணியோடு மினக்கெடாமல் நேரே ஓட்டோ பிடிப்போம்.

சந்தைக் கோழிக்கடைக்காரர் இன்னும் எங்களுக்கென்று கழுத்துப் பையை எடுத்து வைக்கிறார். வேண்டாம் அண்ணை என்றால் முகம் வாடுகிறது, அதனால் வாங்கி லேன் முனைத் தெருநாய் கறுப்பனுக்குப் போட்டுவிட்டு வருவேன். அதற்குக் கல்லும் செரிக்கும்.

நேற்று அலுவலகத்தில் இருக்கும்போது அம்மாவின் அழைப்பு. பன்றி என்ற சொல்லை அவர் இன்னும் வாயால் சொல்வதில்லை. "டேய், அந்தச் சாமான் பெட்டியில ஒரு நாளைக்குத்தான் கிடக்கு. வரேக்க வாங்கிக்கொண்டு வா. போன முறை கொழுப்புக் கூட, நல்லதாப் பாத்து வாங்கு."