யோர்க் மதிலும் விற்பிக் கடலும்: சிநேகிதர் வீட்டில் தங்கிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் லீட்ஸிலோ யோர்க்கிலோ சிநேகிதர் வீட்டில் வந்து நிற்பவர்கள் யோர்க், கடற்கரை ஊர்களான விற்பி, ஸ்காபரோ மூன்றையும் ஒரே சனி ஞாயிறில் பார்த்து முடிக்க நினைக்கிறார்கள். காரோடுவது வீட்டுக்காரர்தான், திங்கள் விடிய வேலைக்குப் போகவேண்டியவரும் அவர்தான். யோர்க்கை ஒரு வேலைநாளில் நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள். கடற்கரைக்கு மட்டும் அவர்களோடு போகலாம்.

லீட்ஸிலிருந்து யோர்க் ரயிலில் அரை மணித்தியாலப் பயணம். இருவராகப் போனால் ‘டூ டுகெதர்’ ரயில்கார்டில் மூன்றிலொரு பங்கு கழிவு உண்டு. ஆனால் கார்டில் பெயருள்ள இருவரும் சேர்ந்தே போகவேண்டும். வேலைநாட்களில் காலை 9.30க்கு முன் அது செல்லாது.

யோர்க் நகரைச் சுற்றியுள்ள பழைய மதில் சுமார் 3.4 கிலோமீற்றர், ஏறி நடக்கக் கட்டணம் இல்லை. இங்கே ‘பார்’ என்றால் கோட்டைவாசல். நேரம் குறைவென்றால் பூதம் பாரிலிருந்து மங்க் பார் வரை நடந்தாலே போதும்; மின்ஸ்டர் தேவாலயம் அங்கிருந்துதான் மிக அழகாகத் தெரியும். படிகள் ஒடுக்கம், பல இடங்களில் உட்பக்கம் கைபிடிக் கம்பி கிடையாது. குழந்தை வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முழுச் சுற்றும் நடப்பவர்கள் கிழக்குப் பக்கம் மதில் முடிந்ததும் வழி தவறியதாக நினைத்துத் திரும்பிவிடுவதுண்டு. அந்தக் காலத்தில் ஃபொஸ் ஆற்றுச் சதுப்பே அரணாக இருந்ததால் அங்கே மதில் கட்டவில்லை. தெருவால் நடந்து ரெட் டவரை அடைந்தால் மதில் மறுபடி தொடங்கும்.

பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் வைத்திருக்கிறது. யோர்க்கின் கிளிஃபர்ட்ஸ் டவர், விற்பி அபே (இடிந்த பழைய துறவிமடம்), ஸ்காபரோ கோட்டை மூன்றும் அதில் அடங்கும், மின்ஸ்டர் அடங்காது. கனடாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தகவல்: ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு 1793இல் பெயர் வந்தது இந்த ஊர்ப் பாறைகளின் சாயலால்தான்.

சிநேகிதரின் காரை நீங்கள் ஓட்டுவதாக இருந்தால், உங்கள் லைசன்ஸ் செல்லும் என்பது மட்டும் போதாது. அந்தக் காரின் இன்சூரன்ஸில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சிக்கல் அவருக்கும் வரும்.

விற்பியில் அபேக்கு 199 படிகள். முழங்கால் வலியுள்ளவர்களைக் காரில் மேலே உள்ள தரிப்பிடத்துக்கே கூட்டிப் போகலாம். ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறையை 664இல் தீர்மானித்த சபை கூடியது இங்கேதான். இன்று நிற்கும் இடிபாடு அதற்கு நூற்றாண்டுகள் பிந்தியது. லீட்ஸில் நல்ல வெயிலடித்தாலும் ஜக்கெற் எடுங்கள். இளஞ்சூட்டுக் காற்று குளிர்ந்த வடகடல்மேல் வரும்போது மூடுபனி கரையேறும். கோடையிலும் அபே கண்ணுக்குத் தெரியாமல் போகும். கொஞ்சம் உள்நாட்டுப் பக்கம் போனால் பெரும்பாலும் வெயில் இருக்கும்.

அதிகம் கவனிக்கவேண்டியது விற்பிக்குத் தெற்கே உள்ள ரொபின் ஹூட்ஸ் பேயிலிருந்து பொகிள் ஹோல் வரை மணலால் நடக்கும் இடம். யாழ்ப்பாணக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. இங்கே நாலைந்து மீற்றர் வரை போகும். பெருக்கில் தண்ணீர் பாறையடி வரை வந்து வழியை மூடிவிடும். வற்றிக்கொண்டிருக்கும்போது புறப்பட்டு, பெருகத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். வற்று, பெருக்கு நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். நேற்றுப் பார்த்த நேரம் இன்றைக்குச் சரிவராது. சில வற்றுப்பெருக்கு அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். இதைக் கூட்டாமல் விடுபவர்கள் வற்று முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருப்பதை அறியாமல் முன்கூட்டியே இறங்கிவிடுவார்கள்.

அட்டவணை கையில் இல்லையென்றால் பாறையைப் பாருங்கள். அடியில் ஈரக் கறுப்பும் பச்சைப் பாசியும் ஓர் உயரத்தில் நின்றுவிடும், அதற்குமேல் காய்ந்த கல். கடல் அந்தக் கோடு வரை வரும். தண்ணீர் வழியை மறித்துவிட்டால் பாறையில் ஏறாதீர்கள், இந்த மண்பாறை கையோடு உதிரும். 999ஐ அழைத்து ‘கோஸ்ட்கார்ட்’ (கரையோர மீட்புப் படை) என்று கேளுங்கள்.